அணை உயர்கிறது: கல் நட்ட இடத்தோடு தண்ணீர் நிற்குமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு நீர்மின் அணைக்கு மேல்புறம், ஆற்றை ஒட்டிய மலைக்கிராமம் எங்களுடையது. அணையை 5 மீட்டர் உயர்த்தி, மின் உற்பத்தித் திறனை 40 மெகாவாட்டிலிருந்து 70 மெகாவாட்டாக்கப் போகிறார்கள். அளக்க வந்தவர்கள் என் 2 ஏக்கர் பட்டா நிலத்தில் 80 சென்ட் மட்டும் மூழ்கும் என்று கல் நட்டுவிட்டார்கள். வீடு தப்பிவிடும் என்கிறார்கள். ஆனால் கிணறும் ஊருக்குள் வரும் பாதையும் கல்லுக்குக் கீழே இருக்கின்றன. குத்தகை விவசாயிகள், புறம்போக்கில் வீடு கட்டியவர்கள், ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் யாரும் பட்டியலில் இல்லை. 'பேச்சுவார்த்தை மூலம் கிரயம்' என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னும் 3 வாரத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். என்ன செய்ய வேண்டும்?

பதில்: சம்மதக் கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விற்றுக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் மறுவாழ்வு உரிமைகள் தானாக உங்களைத் தேடி வராது. விலையை உயர்த்திக் கேட்டு வழக்குப் போடும் வாய்ப்பும் அடைபட்டுவிடும். பேசித்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும், கீழே சொல்லும் தொகையையும் மறுவாழ்வையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து அந்தக் கல். எந்த மட்டத்தை வைத்து நட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் ஊரின் கதி இருக்கிறது. பெரும்பாலும் அணையின் முழு நீர்மட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த உயரத்தில் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே இருப்பதை மூழ்கும் பகுதி என்பார்கள். குளத்தில் தேங்கிய நீருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். வெள்ளக் காலத்தில் ஆறு நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் இடத்தில் பொருந்தாது. அங்கே நீர்ப்பரப்பு சமமாக இருக்காது. மேல்புறம் போகப் போக உயர்ந்துகொண்டே போகும். பொறியாளர்கள் இதை 'பேக்வாட்டர்' என்பார்கள். ஆற்றின் வேகம் குறையும் அதே இடத்தில்தான் மணலும் வண்டலும் படியும், ஆற்றுப்படுகை மேடாகும். அணை உயர்ந்த முதல் ஆண்டில் நனையாத வீட்டுக்குள் பதினைந்தாம் ஆண்டில் வெள்ளம் வருவது இதனால்தான். அப்போது போய்க் கேட்டால், 'உங்கள் வீடு பட்டியலில் இல்லையே' என்பார்கள்.

நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம் 1979-இல் தந்த தீர்ப்பில், முழு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தாலும் பேக்வாட்டரால் பாதிக்கப்படும் வீடுகளையும் கையகப்படுத்த வேண்டும் என்றே சொன்னது. அது அந்த ஆற்றுக்கான தீர்ப்பு. உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கோரிக்கை நியாயமானது என்று காட்டப் பயன்படும்.

எனவே எழுத்து மூலம் இவற்றைக் கேளுங்கள்: புதிய முழு நீர்மட்டம், அதிகபட்ச நீர்மட்டம் (பெருவெள்ளத்தில் நீர் ஏறக்கூடிய உச்ச மட்டம்), பேக்வாட்டர் ஆய்வறிக்கை, அந்த ஆய்வில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை எடுத்துக்கொண்டார்கள், எத்தனை ஆண்டு வண்டலைக் கணக்கில் சேர்த்தார்கள், சர்வே எண் வாரியாக மூழ்கும் நிலப் பட்டியல், சமஉயரக் கோட்டு வரைபடம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் கூட்டத்துக்கு முன் அது கைக்கு வராமல் போகலாம். பிறகு மேல்முறையீட்டுக்கு உதவும். கூட்டத்துக்கு வேண்டியது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். தமிழ்ச் சுருக்கமும் இருக்க வேண்டும். ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் தேடுங்கள்.

'பழைய அணைதானே, புது அனுமதி எதற்கு' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விரிவாக்கத்துக்கும் பொருந்தும். 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. 70 மெகாவாட் அதில் அடங்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். அங்கேயே திட்டத்தை ஏற்கவோ தள்ளவோ அவருக்கு அதிகாரம் இல்லை. 'அணை வேண்டாம்' என்று நூறு பேர் முழங்கினால் அறிக்கையில் ஒரே வரியாகப் பதிவாகும். அதற்குப் பதில், 'சர்வே எண் இன்னது, என் கிணறு கல்லுக்குக் கீழே, வீடு மேலே, பாதை துண்டாகிறது, அறிக்கையின் இந்தப் பக்கத்தில் இது விடுபட்டுள்ளது' என்று ஒவ்வொருவரும் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் திட்டக்காரர்கள் பதில் எழுதியாக வேண்டும். பேசியதையே எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை யாரும் கலைந்து போகாதீர்கள்; விடுபட்டதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பத்திரிகை அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருந்ததா என்றும் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு உங்கள் விஷயத்தில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நிலச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று தனியாக ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவைப்படும் பாசனத் திட்டங்களுக்கு 6-ஆம் பிரிவு அதிலிருந்து விலக்கு தருகிறது. உங்கள் திட்டத்தை ஆவணங்களில் பாசனத் திட்டம் என்று குறித்திருக்கிறார்களா, நீர்மின் திட்டம் என்றா என்று பாருங்கள். மின்சாரத்துக்காக மட்டுமே உயர்த்தும் அணைக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று வலுவாக வாதிடலாம்.

பட்டா இல்லாதவர்களைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. அவர்களைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு அதே நிலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தரும் விளக்கம் விரிவானது. கையகப்படுத்தலுக்கு முன் 3 ஆண்டுகள் அந்தப் பகுதியை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள் எல்லோரும் அதில் உண்டு. ஆற்றையோ காட்டையோ நம்பி வாழும் மீனவர், பரிசல் ஓட்டுபவர், வன விளைபொருள் சேகரிப்பவரும் உண்டு. புறம்போக்கில் இருக்கும் வீடு மூழ்கினால், சொந்த மனை இல்லாமல் தொடர்ந்து 3 ஆண்டு அங்கே குடியிருந்ததைக் காட்டி மாற்று வீடு கேட்கலாம்.

அந்த 3 ஆண்டை நிரூபிப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, மின் கட்டண ரசீது, பால் சங்கப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். புறம்போக்கு வீட்டுக்கு எப்போதோ வந்த ஆக்கிரமிப்பு நோட்டீசைக் கூடத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தேதியில் அவர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அரசு கொடுத்த சாட்சி அது. குத்தகைதாரர் பெயர் அடங்கலிலும் தாலுகா அலுவலகக் குத்தகைப் பதிவேட்டிலும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதே பதிவுக்கு விண்ணப்பிக்கட்டும். பழங்குடியினரோ தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்பவர்களோ இருந்தால், வன உரிமைச் சட்டப்படி அவர்கள் கோரிக்கைகளை விசாரித்து முடிக்காமல் வெளியேற்ற முடியாது. கோரிக்கை மனுவை உடனே கிராம சபையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு முதல்நிலை அறிவிக்கை வெளியானால் ஆட்சேபணைக்கு 60 நாள். அதில் நீங்கள் எழுத வேண்டியது: மீதி 1 ஏக்கர் 20 சென்ட் கிணறும் பாதையும் இல்லாமல் பயனற்றுப் போகிறது, எனவே முழு நிலத்தையும் வீட்டையும் எடுக்க வேண்டும், அல்லது மட்டத்துக்கு மேலே மாற்றுப் பாதையும் தண்ணீர் வசதியும் திட்டச் செலவில் தர வேண்டும். வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக் கூடாது என்று கேட்க 94-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நிலத்துக்கு அதே உரிமை இல்லை. ஆனால் துண்டாவதால் வரும் நட்டத்தை 28-ஆம் பிரிவின்படி இழப்பீட்டில் சேர்த்தாக வேண்டும்.

தொகைக் கணக்கு இப்படி. நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம், ஊரகப் பெருக்குக் காரணி (ஊர்ப்புற நிலத்தின் மதிப்பைப் பெருக்கும் எண்) 1.25 என்று வைத்துக்கொள்வோம். 12.5 லட்சம் ஆகிறது. கிணறு, மரங்கள் 1.5 லட்சம் சேர்த்தால் 14 லட்சம். நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகச் சட்டம் தரும் ஆறுதல் தொகை அதே அளவு சேர்ந்து 28 லட்சம். இதோடு சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. இடம்பெயரும் குடும்பத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஓராண்டு, போக்குவரத்துக்கு 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000. அதற்கும் மேலே, வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற மூன்றில் ஒன்று. மீனவக் குடும்பங்கள் புதிய நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை கேட்கலாம்.

பணம் வாங்கும் நாளில் ஒரு வரியை மறந்துவிடாதீர்கள்: 'தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்'. இதை எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம், அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் ஆட்சியரின் உத்தரவு, வழங்கும்போது நீங்கள் நேரில் இருந்தால், கூடுதல் தொகை கேட்கும் 64-ஆம் பிரிவு மனுவுக்கு அன்றிலிருந்து ஆறு வாரம்தான்.

நீரை எப்போது ஏற்றலாம் என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. நீர்மின் திட்டமென்றால் நிலம் மூழ்குவதற்கு ஆறு மாதம் முன்பே மறுவாழ்வு முடிந்திருக்க வேண்டும் என்கிறது 38-ஆம் பிரிவு. சர்தார் சரோவர் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றமும், மறுவாழ்வு நடக்கும் அளவுக்கு ஏற்பப் படிப்படியாகத்தான் அணையை உயர்த்த வேண்டும் என்றது. வீடும் பாதையும் தயாராகாமல் மதகை மூடப் பார்த்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு இதுவே அடிப்படை. சிவில் நீதிமன்றம் இதில் தலையிடாது.

சுற்றுச்சூழல் அனுமதியே தவறு என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். கால வரம்பு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மனு நிற்காது. அனுமதி கிடைத்ததும் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் வர வேண்டும், ஊராட்சிக்கும் நகல் வர வேண்டும். பரிவேஷ் தளத்தை வாரம் ஒருமுறை பார்க்க ஊரில் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள்.

அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஆறு வறண்டு போகும். மின்நிலையத்துக்குக் கீழேயோ உற்பத்தி தொடங்கியதும் தண்ணீர் திடீரென ஏறி, குளிப்பவர்களை இழுத்துப் போகும். ஆண்டு முழுதும் விட வேண்டிய குறைந்தபட்ச நீர், எச்சரிக்கைச் சங்கு இரண்டையும் அனுமதியின் நிபந்தனையாகவே கேட்க வேண்டும். அணையின் கட்டமைப்பில் பெரிய மாற்றம் செய்தால் சுயேச்சையான வல்லுநர் குழுவின் முழுப் பாதுகாப்பு மதிப்பீடு 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி கட்டாயம். அந்த அறிக்கையையும் கேளுங்கள்.

இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல், புல வரைபட நகல்களை வாங்கிவிடுங்கள். கல் நட்ட இடங்களைக் கிணறும் பாதையும் தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். பழைய அணைக்காக அன்றே கையகப்படுத்திய நிலத்தின் எல்லை எது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் சர்வே எண் ஏற்கெனவே அந்த எல்லைக்குள் போயிருந்தால், மேலே சொன்ன இழப்பீட்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்தத் தீர்வத்தின் நகலோடு நேரில் வந்து பாருங்கள்.