ஆதன் என்பது உண்மையிலேயே பழைய பெயரா? மகனுக்கு வைக்கலாமா?

மகனுக்கு ஆதன் என்று பெயர் வைக்க விரும்புவதாகவும், வீட்டுப் பெரியவர்கள் "அப்படி ஒரு பெயரே கிடையாது, ஆதவன் என்று வை" என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் வையுங்கள். எழுத்துச் சான்றோடு கிடைக்கும் மிகப் பழைய தமிழ் ஆட்பெயர்களில் ஆதனும் ஒன்று. ஆதவன் சூரியனைக் குறிக்கும் வேறு சொல்.

ஆதன் என்றதும் பலருக்கும் சேரர்களே நினைவுக்கு வருவார்கள்: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன். கரூருக்கு அருகே புகளூர் மலையில், சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக்கொடுத்ததைச் சொல்லும் தமிழி (தமிழின் பழைய எழுத்து வடிவம்) கல்வெட்டு, 'கோ ஆதன் செல்லிரும்பொறை', அவன் மகன், பேரன் என மூன்று தலைமுறையைக் குறிப்பிடுகிறது.

ஆனால் இது அரசர்களுக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்ததே அதனால்தான். கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கிடைத்த ஓடு ஒன்றில் 'கண்ணன் ஆதன்'. முடிசூடியவனுக்கும் பானையில் பெயர் கீறியவனுக்கும் ஒரே பெயர்! புறநானூறு 71இல், கண்போன்ற நண்பர்களை இழப்பேனாக என்று வஞ்சினம் கூறும் பூதப்பாண்டியன், அந்த நண்பர்களுள் ஆதன் அழிசியையும் சொல்கிறான். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகின்றன.

தொல்காப்பியம் இந்தப் பெயருக்குத் தனி விதியே வகுத்திருக்கிறது. ஆதனின் தந்தையை 'ஆதன் தந்தை' என்று முழுதாகச் சொல்லாமல் 'ஆந்தை' என்பார்கள். பூதனின் தந்தை 'பூந்தை'. கோப்பெருஞ்சோழனின் நண்பரான பிசிராந்தையார், பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தையார். ஆந்தைப் பறவைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இலக்கணத்தில் இடம்பெறும் அளவுக்கு ஆதன் என்ற பெயர் அன்று வீடுதோறும் புழங்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அகராதியைப் புரட்டும் உறவினர் யாராவது, ஆதன் என்றால் 'அறிவிலி', 'குருடன்' என்று பொருள் இருப்பதைக் காட்டக்கூடும். அந்தப் பொருள்களும் அகராதியில் உண்டு. ஆனால் எந்த அரச குடும்பமும் அப்படிப்பட்ட பொருளில் பிள்ளைக்குப் பெயர் சூட்டியிருக்காது. அதனால் இந்த ஒரு காரணத்துக்காகப் பெயரைக் கைவிட வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது தொடக்கத்தில் 'ஏ' என்ற எழுத்தை இரண்டு முறை போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பள்ளியில் 'அதன்' என்றே கூப்பிடுவார்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.