வயலுக்கடியில வெள்ளைக்கல் வருது, ஜிப்சம் போடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 9 மா நிலம். பைப்லைன் போட தோண்டினப்ப ரெண்டடிக்குக் கீழ களிமண்ணுக்குள்ள இஞ்சி மாதிரி முண்டு முண்டா வெள்ளைக் கல் வருது. பக்கத்து வயல்காரர் உப்புங்கறாரு, உரக்கடையில ஜிப்சம் போடச் சொல்றாங்க. நட்டு மூணு வாரத்துல நெல்லு அடியிலையெல்லாம் துரு புடிச்ச மாதிரி ஆகுது, என்ன செய்யலாம்?

பதில்: அண்ணே, நீங்க சொல்றதைப் பாத்தா சுக்கான் கல்லுதான் (மண்ணுக்குள்ள சுண்ணாம்பு சேந்து கட்டியானது), ஆனா சோதிக்காம ஜிப்சத்துக்கு காசு குடுத்துடாதீங்க. ஒரு கல்லைக் கழுவிக் காயவெச்சு, உடைச்சு கொஞ்சம் பொடியாக்கி அதுமேல எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு காதுகிட்ட வெச்சுப் பாருங்க, சுர்ர்னு சத்தம் வந்து சின்னச்சின்னதா நுரைச்சா சுண்ணாம்பு. கக்கூஸ் கழுவுற ஆசிட் ஒரு சொட்டு விட்டா இன்னும் வேகமா பொங்கும் (கண்ணு கை பத்திரம்). உப்பா இருந்தா தண்ணியில கரைஞ்சே போயிருக்கும், ஜிப்சமா இருந்தா நகத்தால கீறினாலே கோடு விழும், நுரைக்காது. சுக்கான் கல்லுல நகம் ஏறாது, கத்தி ஏறும்.

இது எப்படி வந்துச்சுன்னா மழைத்தண்ணி மண்ணுல இருக்குற சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு கீழ இறங்கும், கோடையில தண்ணி காஞ்சதும் சுண்ணாம்பு மட்டும் அங்கயே தங்கிடும், வருசா வருசம் இப்படியே சேந்து சேந்து கட்டியா ஆயிடும். அரியலூர்ல சிமெண்ட் பாக்டரிக்கு வெட்டுறது வேற ரகம், அது டைனோசர் காலத்துல கடலா இருந்த இடம், கல்லுக்குள்ளயே சிப்பி அச்சு கெடைக்கும். உங்க கல்லை உடைச்சா உள்ள சுண்ணாம்போட களிமண்ணு கலந்துதான் இருக்கும்.

இப்ப பயிருக்கு வருவோம். சுண்ணாம்பு மண்ணுல ஜிங்க் (துத்தநாகச் சத்து) இருந்தாலும் வேருக்குக் கெடைக்காது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்போட சேந்து கட்டிக்கும். நட்டு 2-4 வாரத்துல அடியிலையில பழுப்புப் புள்ளி, குருத்து நடுநரம்பு அடியில வெளுப்பு, பயிர் குட்டையா திட்டுத்திட்டா நிக்குறது இதெல்லாம் இருந்தா ஜிங்க் பத்தாக்குறைன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிக்கலாம். இந்தப் பயிருக்கு 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைச்சு அடிங்க, 15 நாள் கழிச்சு இன்னொரு தரம். அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காஞ்ச மணல்ல கலந்து கடைசி உழவு முடிஞ்சு நடவுக்கு முன்னாடி தூவுங்க, மூணு மா ஒரு ஏக்கர், அப்ப 9 மாவுக்கு 30 கிலோ ஆச்சு. டிஏபி உரத்தோட மட்டும் கலக்காதீங்க, ரெண்டும் சேந்து கரையாததா மாறிடும். கோடையில தண்ணி இருந்தா தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச்செடி) வெதைச்சு பூக்குறப்ப மடக்கி உழுங்க, இந்த மண்ணுக்கு அதைவிட நல்ல வைத்தியம் நான் பாத்ததில்ல.

ஜிப்சம் எப்பன்னா, மண்ணு பி.எச் (புளிப்பு, காரம் காட்டுற அளவு) 8.5-க்கு மேல போயி சோடியம் ஏறிக்கெடந்தா மட்டும். அப்பவும் போட்டு தண்ணி கட்டி வடிக்கணும், வடிகால் இல்லைன்னா காசு தண்டம். வெறும் சுண்ணாம்பு மண்ணு பெரும்பாலும் அந்த 8.5-ஐத் தாண்டாது. அதனால நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணைக் குடுத்து பி.எச், இ.சி (உப்பு அளவு), சுண்ணாம்பு மூணும் பாக்கச் சொல்லுங்க, மேல் மண்ணு தனிப்பையில, அந்த ரெண்டடி மண்ணு தனிப்பையில. தோண்டுன கல்லை அரைச்சு வயல்ல தூவலாமான்னு சிலபேர் கேக்குறாங்க, புளிப்பு மண்ணுக்குத்தான் அது, உங்களுக்கு வேணாம், வண்டிப்பாதையில பள்ளத்தை மூட நல்லா உதவும்.