உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி இரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்த பிறகும் மூட்டு வலிக்கிறது. வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள். உண்மையில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

நடிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் படித்தாயா என்று கீழே கேட்க வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பெண் என்றும் வைத்துக்கொள்கிறேன். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. தவிர, வலிக்கிறது என்று சொல்லும் ஆணை நடிக்கிறாய் என்று எந்த வீட்டிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு ஆடித் தள்ளுபடி சமயத்தில்தான் முற்றியது. ஒரு வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய அத்தனை புடவைகளையும் திரும்ப மடிக்க வேண்டும். மடிப்புக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உழைக்க வேண்டும். இரண்டும் சுண்டைக்காய் அளவுக்குக் கணுக்கணுவாக வீங்கிவிட்டன. மேற்பார்வையாளர் வேலைக்கள்ளி என்று காதுபடவே சொன்னார். ஆன்டி சிசிபி என்ற இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, கூடவே ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யவே வாரக்கணக்கில் ஆகும். ஆனால் செய்தது. வீக்கம் வடிந்தது, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளும் இறங்கின. அன்றோடு வீட்டில் என் வலிக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது. "அதான் எல்லாம் சரியாயிடுச்சுன்னு பேப்பரே சொல்லுதே" என்பார் மாமியார். எனக்கோ புடவையின் ஜரிகை ஓரம் விரலில் உரசினாலே சுரீர் என்றது.

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மீதியை நானாகத் தேடிப் படித்தேன். மூட்டில் அழற்சி இருக்கும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. இவை வீக்கத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை, வலி நரம்புகளின் நுனியையும் உசுப்பிவிடுகின்றன. மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்த கை எரிகிறதே, அந்த எரிச்சலை உணரும் டிஆர்பிவி1 என்ற வாசல் அந்த நுனியில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக ஏறக்குறைய 43 டிகிரி சூட்டில்தான் அது திறக்கும். அழற்சி உள்ள இடத்தில் அந்த அளவு கீழே இறங்கிவிடுகிறது. உடம்புச் சூடே போதும் என்றாகிவிடுகிறது. வீங்கிய மூட்டு சும்மா இருக்கும்போதே எரிவதற்கு இது ஒரு காரணம்.

நரம்பும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பொருள்களைத் தன் நுனியிலிருந்து கக்குகிறது. இரத்தக் குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, இன்னும் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்கின்றன. தண்ணீர் லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் நடக்கும் குடச் சண்டை மாதிரிதான், யார் ஆரம்பித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இது மாதக்கணக்கில் நீடித்தால் தண்டுவடமே வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடுகிறது. அடிபட்ட பிறகு தண்டுவடத்தின் எதிர்வினை கூடிவிடுகிறது என்று கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-லேயே எலிகளில் காட்டினார். அங்கேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா என்ற எதிர்ப்பு அணுக்களும் விழித்துக்கொண்டு நரம்பணுக்களைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அதன்பின் லேசான உரசலும் வலியாகத்தான் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. சிஆர்பி என்பது கல்லீரலில் தயாராகும் ஒரு புரதம். தண்டுவடத்தில் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் எலி ஆராய்ச்சி என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். ஆமாம், மைக்ரோக்ளியா பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்ததுதான். நரம்பில் காயம் செய்த சுண்டெலிகளை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. மைக்ரோக்ளியாவைத் தடுத்தபோது ஆண் எலிகளுக்கு வலி குறைந்தது, பெண் எலிகளுக்குக் குறையவில்லை. எலிகளிலும் நம் கணக்கு வேறுதான் போலிருக்கிறது.

எனக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கு அது துணை செய்கிறது. மன அழுத்தத்துக்கும் அதே மருந்தைத் தருவார்கள் என்று என் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டார். அதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு? வலி முழுதாகப் போகவில்லை, ஜரிகையைத் தொட முடிகிறது. நன்றாகத் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் வலி கூடும் என்றும் மருத்துவர் சொன்னார். உண்மைதான். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஹாரன் அடிக்கும்போது எப்படித் தூங்குவது என்று அவர் சொல்லவில்லை.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் தமிழக அரசு திருத்தியது. எங்கள் கடைக்கும் முக்காலிகள் வந்தன. இப்போது அவற்றின்மேல் புடவைக் கட்டுகள் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. கட்டை இறக்கி வைத்துவிட்டு நான் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் வரும் நேரத்தில் என்ன சொகுசு என்று கேட்கிறார்கள். கால் மூட்டுக்கு வலிக்காதா என்று கேட்க அங்கே நாதியில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கை நன்றாக இருக்கிறது என்று மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நரம்பு வலி என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். சிஆர்பி சரியாக இருந்தும் மூட்டுக்குள் அழற்சி ஒளிந்திருப்பது சிலருக்கு அல்ட்ராசவுண்டில்தான் தெரியும். காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தாலோ வீக்கம் திரும்பினாலோ உடனே காட்டுங்கள். போகும்போது நடிப்பு என்று சொன்னவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருத்துவர் வாயால் கேட்கட்டும்.

முடக்கத்தான் ரசம் குடி என்று எழுதப் போகிறவர்களுக்கு: குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ருசியாக இருக்கிறது.