இரவில் மொத்தமாகத் தரவு ஏற்றினால் காலையில் குவெரி இழுக்கிறது. ஆட்டோவேக்யூம் இருக்கும்போது தனியாக அனலைஸ் ஓட்ட வேண்டுமா?

ஓட்ட வேண்டும். அனலைஸ் என்பது டேபிளில் எந்தெந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை; ஆட்டோவேக்யூம் அதையும் துப்புரவையும் பின்னணியில் தானாகச் செய்யும் வேலையாள். நீங்கள் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், லோடு முடிந்த கையோடு ரிப்போர்ட் கிளம்புகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். லோடு ஸ்கிரிப்டின் கடைசியில் அந்த டேபிளுக்கு மட்டும் ஒரு அனலைஸ் போடுங்கள். பதில் இவ்வளவுதான். மீதி என் வயிற்றெரிச்சல்.

எங்கள் டேபிளில் ஏறக்குறைய 4 கோடி வரிகள். தினமும் இரவு 30 லட்சம் சேரும்; ஒவ்வொரு இரவுக்கும் ஒரு லோடு எண். அன்றைய எண்ணை மட்டும் எடுத்து மற்ற டேபிள்களோடு ஜாயின் செய்யும் காலை ரிப்போர்ட் 4 நிமிட வேலை. திடீரென ஒரு நாள் 2 மணி நேரம் ஓடியது. மறுநாள் 4 நிமிடம். அதற்கு மறுநாள் மறுபடி 2 மணி நேரம்.

குழுவில் மூத்தவர் ஒருவர், மெதுவான நாளன்று சர்வரை ரீஸ்டார்ட் செய்தார். மறுநாள் நன்றாக ஓடியது. அடுத்த முறையும் அப்படியே. அவ்வளவுதான், "அவர் கை வைத்தால் சரியாகிவிடும்" என்று பெயராகிவிட்டது.

நான் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் (குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை; மேலே சொன்ன அனலைஸ் வேறு) போட்டுப் பார்த்தேன். குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் எதிர்பார்த்தது 1 வரி, வந்தது 30 லட்சம். புள்ளிவிவரத்தில் பழைய லோடு எண்கள் எல்லாம் இருந்தன, புதியது இல்லை. அப்படி ஒன்று இருக்கவே வாய்ப்பில்லை என்று நினைத்து அது நெஸ்டட் லூப் (ஒவ்வொரு வரிக்கும் மற்ற டேபிளில் தனித்தனியாகத் தேடும் முறை; சில வரிகளுக்குச் சரி, லட்சக்கணக்கில் வந்தால் இழுக்கும்) எடுத்திருந்தது. ஆட்டோவேக்யூம் ஏன் விட்டது? இயல்பான அமைப்பில், டேபிளில் 10 சதவீதமும் கூட 50 வரிகளும் மாறினால்தான் அது அனலைஸ் செய்யும். 4 கோடிக்கு 40 லட்சம். முதல் இரவு 30 லட்சம், எட்டவில்லை. இரண்டாம் இரவு 60 லட்சம், தாண்டியது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

"அந்த 10 சதவீதத்தைக் குறைக்கலாமே" என்று யாராவது வருவீர்கள். குறைக்கலாம், தப்பில்லை. ஆனாலும் ஆட்டோவேக்யூம் நிமிடத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். உங்கள் ரிப்போர்ட் அதற்குக் காத்திருக்காது. பார்ட்டிஷன் செய்த (துண்டு டேபிள்களாகப் பிரித்த) தாய் டேபிளையும் தற்காலிக டேபிளையும் அது தொடவே தொடாது. "லாக் ஆகுமே" என்றும் கேட்பீர்கள். படிப்பதையும் எழுதுவதையும் அனலைஸ் தடுக்காது. இயல்பாக 30,000 வரிகளைத்தான் மாதிரியாக எடுக்கும் என்பதால் சீக்கிரமே முடிந்துவிடும். லோடு ஒரே டிரான்சாக்‌ஷனாக ஓடினால் கமிட்டுக்கு (மாற்றங்களை உறுதி செய்வதற்கு) முன்பே உள்ளேயே போட்டுவிடலாம், தான் ஏற்றிய வரிகள் அதற்குத் தெரியும்.

ஸ்கிரிப்டில் அந்த ஒரு அனலைஸ் கட்டளையை நான் சேர்த்த பிறகு ரிப்போர்ட் இழுக்கவே இல்லை. பாராட்டு மட்டும் இன்னும் ரீஸ்டார்ட்டுக்குத்தான். டேபிள் 6 கோடியை எட்டும்வரை பேசாமல் இருந்திருக்கலாம். அப்போது 10 சதவீதமே 60 லட்சம், கூட 50 வரிகள்; இரண்டு இரவு சேர்ந்தும் எட்டாது. இரண்டு நாள் தொடர்ந்து இழுத்திருக்கும், அவர் ரீஸ்டார்ட் செய்த மறுநாளும் சேர்த்து.