கணினியைத் தொடுமுன் மகள் உங்களிடம் கற்கட்டும்

அன்புச் சகோதரிக்கு,

வீட்டில் இருக்கும் நோயாளிக்கு உடம்பு மோசமாகப் போவதை பழைய தரவிலிருந்து கற்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாடல் செய்ய வேண்டும் என்கிறாள் மகள்; ப்ளஸ் டூ முடித்தவளை எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பவர் நீங்கள் என்பது கடைசி வரியில்தான் இருந்தது. எனக்கு அதுதான் முதல் வரி.

மருத்துவமனை வார்டில் இந்தக் கணிப்பு புதிதல்ல. இங்கிலாந்தில் 2012 முதல் ‘நியூஸ்’ என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, காய்ச்சல், நினைவு எல்லாவற்றுக்கும், இயல்பிலிருந்து விலக விலகக் கூடுதல் மதிப்பெண் போட்டு, கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரமாக வந்து பார்ப்பார்கள். அங்கே திரும்பத் திரும்ப அளக்க ஆள் உண்டு. வீட்டிலோ நீங்கள் அடுத்த முறை போகும்வரை ஒரு எண்ணும் கிடையாது. இந்தத் துறையின் பெரிய சிக்கலே அந்த வெற்றிடம்தான். இதயம் பலவீனமானவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம். வீட்டில் எடை மெஷினே இல்லையென்றால் எந்த மாடலுக்கும் அது தெரியப்போவதில்லை.

இன்னொரு கணக்கை மகள் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும். 1,000 நோயாளிகளில் 20 பேருக்கு இந்த வாரம் மோசமாகப் போகிறது என்று வையுங்கள். மோசமாகிறவர்களையும் நலமாயிருப்பவர்களையும் நூற்றுக்கு 90 பேர் வீதம் சரியாகச் சொல்கிற மாடல், அந்த 20-இல் 18 பேரைப் பிடிக்கும். நலமாயிருக்கும் 980 பேரில் 98 பேருக்கும் சேர்த்து மணி அடிக்கும். 116 வீட்டுக்கு ஓடுவது உங்களைப் போன்றவர்கள்தானே! இது உறைத்தவள்தான் இந்த வேலைக்கு ஆவாள். அதனால் கோடிங்கைவிடப் புள்ளியியல் முக்கியம் என்பேன்.

பெயரில் ‘ஏஐ’ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படிப்பை எடுக்காதீர்கள். கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரியில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தால் சேருங்கள். நர்சிங் பிடிக்குமென்றால் அதையும் நான் உயர்வாகவே பார்க்கிறேன். எதில் சேர்ந்தாலும் ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை ஆன்லைனில் கூடவே படிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்துக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பது வேண்டவே வேண்டாம். இந்த ஒரு வேலைக்கென்றே ஆள் எடுப்பவர்கள் குறைவு. மருத்துவமனைத் தரவு, மருத்துவக் கருவி, காப்பீடு என்று அக்கம்பக்கத்து வேலையில்தான் பெரும்பாலும் நுழைய வேண்டியிருக்கும்.

என்னைப் பார்க்க வருமுன் ஒன்று செய்யுங்கள். ‘பார்த்ததுமே சரியில்லைன்னு தோணுச்சு’ என்று உங்களுக்குப் பட்ட ஐந்து நோயாளிகளைப் பற்றி, பெயர் சொல்லாமல், மகளிடம் பேசுங்கள். அப்போது உங்கள் கண்ணில் பட்டது என்ன? சாப்பிடாத தட்டா, வீங்கிய காலா, எழுந்து வந்து கதவு திறக்காததா? அவள் அதை நோட்டில் எழுதி எடுத்து வரட்டும்.