முதுகுப்பையோடு நேப்பிள்ஸ் போகும் ஜோடி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போகும் ஒரு ஜோடி கேட்ட கேள்வி இது. அவர்கள் சொன்ன விவரம்: மூன்று நாள், இரண்டு பேர், ஆளுக்கொரு பெரிய பை, ஒருவர் சைவம். இதில் அதிகம் படுத்தப்போவது பைதான். அதை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் அலிபஸ் பேருந்துக்கு ஆளுக்கு 5 யூரோ. மத்திய ரயில் நிலையம் இருக்கும் கரிபால்டி சதுக்கத்தில் இறக்கிவிடும். நிலையத்தைச் சுற்றி அறை மலிவு, ஆனால் இரவில் அந்தப் பக்கம் அவ்வளவு சுகமில்லை. தாந்தே அல்லது மியூசியோ மெட்ரோ அருகே தங்கினால் பழைய நகரம் நடக்கிற தூரம், முதலாம் லைன் நேரே ரயில் நிலையத்துக்கும் போகும். பதிவு செய்யும் முன் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். சில பழைய கட்டடங்களில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும், சில்லறை வைத்திருங்கள்.

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய்க்கு ஒரு முழு நாள். சிர்க்கும்வெசுவியானா ரயிலில் சுமார் 40 நிமிடம். கரிபால்டியில் ஏறினால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். பிக்பாக்கெட்காரர்களுக்கும் அந்த நெரிசல்தான் வசதி. ரயில் கிளம்புவது ஒரு நிறுத்தம் முன்னால், போர்த்தா நொலானாவில். பத்து நிமிடம் நடந்து அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சொரெண்டோ போகும் வண்டியில் ஏறி, ‘பொம்பெய் ஸ்காவி’ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். போஜ்ஜோமரீனோ வண்டி வேறு தடம். அது இன்றைய பொம்பெய் ஊருக்குள் ‘சாந்துவாரியோ’வில் விடும். தவறி அங்கே இறங்கினாலும் பதற வேண்டாம், ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசல் நடக்கும் தூரம்தான்.

2024 நவம்பரிலிருந்து பொம்பெயில் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு, கோடையில் காலை திறந்ததும் நுழைவதே நல்லது. அங்கிருந்து பெயர்த்தெடுத்த மொசைக்குகளும் சுவரோவியங்களும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடிபாடுகளைப் பார்த்த மறுநாள் அதைப் பார்த்தால்தான் எது எங்கே இருந்தது என்று பிடிபடும். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

பழைய நகரத் தெருக்களில் பாவியிருப்பது எரிமலைக்கல், மழையில் வழுக்கும். ஆள் நடக்கும் சந்திலும் ஸ்கூட்டர் வரும். சாலை கடக்கும்போது சீராக நடங்கள், நடுவில் திடீரென நின்றால்தான் இடிப்பார்கள். சென்னையில் சாலை கடந்து பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

சாப்பாடு இந்த ஊரின் தனி பலம், விலையும் குறைவு. சைவருக்கு மார்கரீத்தா பீட்சா இருக்கவே இருக்கிறது; மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும், சீஸ் கூடக் கிடையாது. மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்: மிளகும் பாதாமும் போட்ட தராலி முறுகலில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேரும், ஸ்ஃபோலியாத்தெல்லா இனிப்பின் மடிப்புகளிலும் அப்படியே. பொரித்த பீட்சாவின் பூரணத்தில் பன்றித் துணுக்கு இருக்கலாம். வாங்கும் முன் ‘சென்சா ஸ்ட்ருத்தோ?’ (பன்றிக்கொழுப்பு இல்லாததா?) என்று கேட்டுவிடுங்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்; அது மேசைக் கட்டணம், மெனுவிலேயே அச்சிட்டிருக்கும். காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் மலிவு. கூட்டமான கடையில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போக வேண்டும்.