கணக்கு உதைத்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரத்தம் உறைதல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்கு வருடமாக ஒரே வேலை, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அந்தப் புரதத்தைச் செறிவாகப் பிரித்தெடுக்க ஆய்வாளர் ஜூடித் பூல் வழி கண்டுபிடித்ததைத் தற்செயல் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் நாங்கள் அளந்துகொண்டே இருப்பதற்கு என்னதான் பொருள்?

ச.

அன்புள்ள ச.,

தற்செயல் என்று எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோய் உள்ளவர்கள் உடம்பில் குறைவது ஃபேக்டர் 8. 1960களின் தொடக்கத்தில் அதற்காகப் பெரும்பாலும் பிளாஸ்மாவை அப்படியே ஏற்றினார்கள். அதில் ஃபேக்டர் 8 மிகக் கொஞ்சம். ரத்தக்கசிவை நிறுத்தும் அளவுக்கு ஏற்றினால் அத்தனை திரவத்தை இதயம் தாங்காது. அறுவை சிகிச்சை என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்போது ஸ்டான்ஃபோர்டில் பூல் செய்துகொண்டிருந்ததும் உங்களுடைய வேலைதான். உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் திரிதிரியாக ஒரு படிவு தங்கும். மேலே தெளிந்ததை அளந்தால் ஃபேக்டர் 8 இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை. எங்கே போயிற்று? படிவில் கிடந்தது. படிவு யார் கண்ணுக்கும் படும். ஆனால் கணக்கு எங்கோ உதைக்கிறது என்பது, அளந்து அளந்து கை பழகியவருக்குத்தானே தெரியும்?

1964-ல் அது 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த வருடம், ஒன்றோடொன்று இணைந்த பைகளுக்குள்ளேயே இந்தப் படிவை, அதாவது கிரையோவை (கிரையோபிரெசிபிடேட்), பிரித்தெடுக்கும் முறையையும் வெளியிட்டார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். மருந்துத் தொழிற்சாலை வேண்டியதில்லை, ரத்த வங்கியே தயாரித்துக்கொள்ளலாம். அதே ரத்தத்தின் சிவப்பணுக்கள் இன்னொரு நோயாளிக்குப் போய்ச்சேரும். இரண்டு உயிர்களையும் யோசித்த மூளை அது.

கிரையோவில் குறை உண்டு, ரத்தம் கொடுத்தவரிடமிருந்து வைரஸ் தொற்றக்கூடும். அப்புறம் 1984-ல் ஃபேக்டர் 8-இன் மரபணுவைப் படியெடுத்தார்கள், மனித ரத்தம் இல்லாமலே அதை உருவாக்க வழி பிறந்தது. ஆனாலும் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற இன்னொரு புரதம் குறைந்து ரத்தப்போக்கில் தவிப்பவர்களுக்கு இன்றும் கிரையோ ஏற்றுகிறார்கள்.

இத்தனையும் செய்த பூல் முழுப் பேராசிரியர் ஆனது 1972-ல்தான். 1975-ல், 56 வயதில் போய்விட்டார். அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. நான்கு வருட நோட்டுகளில், பிழை என்று ஒதுக்கி வைத்த அளவுகள் இருக்குமே? அவற்றைப் பற்றி எனக்கு விரிவாக எழுதுங்கள்.